மாஸ்டர் சுவோவின் தோள்பட்டை

ஹான்கோவ் நெசவாலையின் மருத்துவ அறையில் அக்குபங்சர் ஊசி குத்துகிற லெய் பெய்லான், கோபம் வந்தால் கத்த மாட்டாள். ஊசிகளை எடுத்துக் கொதிக்க வைப்பாள். புருஷன் கெச்சியன் செத்த பிறகு அந்த அறையில் அடுப்பு அணையவே இல்லை என்று சொல்லலாம்.

கெச்சியன் படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவன், ரத்தக்கொதிப்புக்காரன். மருந்தில்லாமல் நோய் தீர்ப்பதாகச் சொன்ன மாஸ்டர் சுவோவின் பின்னால் ஊரே பைத்தியமாக அலைந்த வருஷம் அது. விளையாட்டரங்கில் மேடையேறி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை விரிப்பார். அதிலிருந்து அவருடைய 'சி', அதாவது உடம்பில் ஓடுகிற உயிர்ச்சக்தி, கூட்டத்தின் மேல் பாயுமாம். கடைசி வரிசையில் இருப்பவனும் தள்ளாடுவான், தேம்பித் தேம்பி அழுவான். வீட்டுக்கு எடுத்துப்போக அவருடைய பேச்சு கேசட்டில் கிடைத்தது.

"ஒரு மணியை அடிச்சா பக்கத்துல இருக்கிற மணியும் தானா அதிரும். என் சி அதிர்ந்தா உங்க சி அதிரும். மாத்திரை என்ன பண்ணுது? மணிக்குள்ள பஞ்சைத் திணிக்குது" என்பார். பஞ்சாலை ஊரில் சொல்ல வேண்டிய உதாரணம் அந்த மனுஷனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கெச்சியன் அதைக் கேட்டுவிட்டு வரும் வழியில், படகிலிருந்தே மாத்திரைப் புட்டியை யாங்சி ஆற்றில் வீசினான். பெய்லான் சண்டை போட்டாள், சோறு பொங்காமல் கிடந்தாள். அவன் சிரித்தான். "நீயே சி-யை நம்பித்தானே ஊசி குத்துற? அவர் சொன்னா மட்டும் பொய்யா?" என்றான். புத்தாண்டுக்கு முன்னால் ஒரு காலையில், நூடுல்ஸ் கிண்ணம் கையிலிருந்து விழ, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சாய்ந்தான். இரண்டு நாளில் போய்விட்டான்.

அவன் கேட்ட கேள்விதான் அவளை அறுத்தது. ஏனென்றால் அவள் நம்புகிறவள்தான். அவளுக்குத் தெரிந்த சி சின்ன விஷயம். ஊசியை இறக்கி மெல்லத் திருகிக்கொண்டே இருந்தால், தூண்டிலை மீன் கடிக்கிற மாதிரி விரல்நுனியில் ஒரு வெடுக்கு வரும். அதே கணத்தில் படுத்திருப்பவரும் கடுக்குது, மரமரங்குது, கனக்குது என்பார். வரவில்லையென்றால் வரும்வரை காத்திருக்க வேண்டும். "வந்துச்சா?" என்று கேட்க வேண்டும், அவர் உள்ளதைச் சொல்ல வேண்டும். தொழில் அவ்வளவுதான். இந்த ஆள் அதை எடுத்து விளையாட்டரங்கில் விசிறியடித்து அவள் புருஷனைக் கொன்றுவிட்டார். அவரை மன்னிக்கிற உத்தேசம் அவளுக்குத் துளியும் இல்லை. அவரை நம்புகிறவர்கள் முன்னாலேயே அவர் மானம் போக வேண்டும். அது எப்படி என்றுதான் தெரியாமல் இருந்தது.

வழியை அவரே அனுப்பிவைத்தார். வெயில் கொளுத்திய ஒரு நாள், அவருடைய கண்ணாடிக்கார உதவியாளன் மருத்துவ அறைக்குள் எட்டிப்பார்த்தான்.

"டாக்டரம்மா, மாஸ்டருக்கு வலது தோள் இறுகிப்போச்சு. தலை சீவக்கூட கை எழும்பலை. ஞாயித்துக்கிழமை மேடை இருக்கு."

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறதுதானே?"

"அங்க போனா சாயங்காலமே ஊர் சிரிக்கும். தறியில நிக்கிற பொம்பளைங்க தோளையெல்லாம் நீங்கதான் எழுப்பி விடுறீங்கன்னு கேள்விப்பட்டோம்."

தறியின் அதிர்வு வருஷக்கணக்காக ஏறி ஏறி அந்தப் பெண்களின் தோள் கெட்டுப்போகும். ஆகவே அவன் கேள்விப்பட்டது பொய்யில்லை. பெய்லானின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. "நாளைக்கு மத்தியானம் தறியில நிக்கிறவங்களைத் தவிர எல்லாரும் தூங்குற நேரத்துல கூட்டிட்டு வாங்க. ஈ காக்கா இருக்காது" என்றாள்.

அவன் போனதும் தறிக்கூடத்துக்குப் போனாள். அங்கே ஹூ அக்கா இருந்தாள். அவளும் ரத்தக்கொதிப்புக்காரிதான். வசந்தத்திலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டு, மாஸ்டரின் கேசட்டைத் துணியால் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தாள். பாட விட வேண்டியதுகூட இல்லையாம், உடம்பில் பட்டாலே போதுமாம். பெய்லான் எடுத்துச் சொன்னதில் இருவருக்கும் பேச்சு முறிந்திருந்தது.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் உங்க கேசட்டுக் கூட்டத்தோட வந்து என் திரைக்குப் பின்னாடி உட்காருங்க. நான் திரையை விலக்குற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது."

"என்னத்தைக் காட்டப் போற?"

"ஒரு தோள்பட்டையை."

மாஸ்டர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். உதவியாளனை வாசலில் நிறுத்திவிட்டுச் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தார். பெய்லான் எல்லாரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டாள்.

"ரத்தக்கொதிப்பு இருக்கா? ஊசியில மயக்கம் போட்டுடக் கூடாது."

"இருக்கும்மா. ஆனா கட்டுக்குள்ள இருக்கு. காலையில எழுந்ததும் மாத்திரை. பல வருஷமா ஒரு நாள் தவறினதில்லை."

சாதாரணமாக, தாழ்ந்த குரலில் சொன்னார். தறிச் சத்தத்தில் திரைக்கு அந்தப்பக்கம் அது கேட்டிருக்காது. இதைப் பெய்லான் எதிர்பார்க்கவே இல்லை. நீள ஊசி கையில் இருந்தது. தோளுக்குக் கீழே ஒரு விரற்கடை கூடுதலாக இறக்கினால் நுரையீரல். அதை நிதானமாக, ருசித்து நினைத்துப் பார்த்தாள். பிறகு ஊசியைச் சரியான இடத்தில்தான் இறக்கினாள். அவ்வளவு சுலபமாக அவரைத் தப்பவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"சி வந்துச்சா?" என்று உரக்கக் கேட்டாள்.

"வரலை."

"வரலையா? நல்லாச் சொல்லுங்க, தறிச் சத்தத்துல கேக்கலை."

"வரலைம்மா. எனக்கு வரவே இல்லை."

அடுத்ததை இறக்கித் திருகினாள். "ஐயோ, கடுக்குது. வந்துடுச்சு, வந்துடுச்சு" என்றார் மாஸ்டர். தோளைச் சுற்றி நாலைந்து குத்தினாள். கடைசியாக, தோளுக்கு உதவுகிற புள்ளியென்று முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒன்று. "அசையாதீங்க. அசைஞ்சா உள்ளேயே வளைஞ்சு ஒடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்தாள்.

அத்தனை பெண்களும் பார்த்தார்கள். தினமும் கேசட்டில் கேட்கிற குரல், பனியனோடு முள்ளம்பன்றி மாதிரி உட்கார்ந்திருந்தது. பெய்லான் ஒரு சிரிப்புக்காகக் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. ஹூ அக்காதான் முன்னால் வந்தாள், கண் நிறைய நீரோடு.

"எங்க நோயெல்லாம் உங்க தோள்ல வாங்கிக்கிட்டீங்களே, மாஸ்டர்."

மாஸ்டர் ஒரே ஒரு முறை கண் சிமிட்டினார். பிறகு மேடைக் குரல் வந்துவிட்டது. "உங்களுக்காகத்தான்மா. வேற யாருக்காக?"

பெய்லான் வைத்த பொறியை அந்த ஆள் மேடையாக்கிக்கொண்டார். குனிந்து, காலில் நின்ற ஊசியின் பிடியை இரண்டு விரலால் பிடித்தாள்.

"காலையில என்ன மாத்திரை சாப்பிட்டீங்கன்னு இவங்ககிட்டயும் சொல்லுங்க."

"அது வந்து..."

அரைச்சுற்றுத் திருகினாள். அவர் பல்லைக் கடித்தார்.

"உங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன். நீங்க தப்பாச் சொன்னா நான் தப்பாக் குத்திடுவேன்."

"ரத்தக்கொதிப்பு மாத்திரை."

"என்னைக்காவது விட்டதுண்டா?"

அவர் பார்வை காலில் நின்ற ஊசிக்குப் போனது. "இல்ல" என்றார்.

ஹூ அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னோடதை நான் சாக்கடையில கொட்டினேனே" என்றாள். திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. நேரே பக்கத்து மருந்தறைக்குப் போய், மூடியிருந்த சன்னலைத் தட்டினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள். ஒருத்தி மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்துத் தரையில் துப்பிவிட்டுப் போனாள்.

"ஊசியை எடும்மா. நான் போறேன்."

"அரைமணி இருக்கணும். அவசரப்பட்டா தோள் திரும்பாது."

பெய்லான் முக்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

"என் புருஷன் பேரு பெங் கெச்சியன். படகுத்துறையில சீட்டுக் கிழிச்சவரு" என்று ஆரம்பித்தாள். புட்டி ஆற்றில் விழுந்ததைச் சொன்னாள். கிண்ணம் விழுந்ததைச் சொன்னாள். வாய் கோணிக்கொண்டு அவன் பேச முயன்றதை, எச்சில் ஒழுகியதை, அவள் பெயர்கூட அவன் வாயில் வராமல் போனதை ஒன்றுவிடாமல் சொன்னாள். நடுவில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க" என்றாள் பெய்லான். "அவரு இன்னும் சாகலை. அதுக்கு ரெண்டு நாள் இருக்கு."