காந்தத்தின் காலடியில் எலுமிச்சம்பழம்

எங்கள் இயக்குநர் அந்தக் காந்தத்தை ஆராய்ச்சிக்காக வாங்கினார் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வருகிறவர்களுக்குக் காட்டத்தான் வாங்கினார். கும்மிடிப்பூண்டியில் வைட்டமின் பொடி செய்கிற கம்பெனியிடம், மூலக்கூறின் உள்ளமைப்பைக் காந்தத்தால் பார்க்கிற என்.எம்.ஆர். கருவி இருக்கிறதென்றால் சும்மாவா? அதனால் அதைக் கட்டடத்தின் முன்பக்கத்தில் கண்ணாடிச் சுவர் எழுப்பி, சாலையைப் பார்த்தாற்போல் நிறுத்தினார். எதிரே இரும்புக்கம்பி ஆலை. கம்பி ஏற்றிய லாரி போகும்போதெல்லாம் காந்தப்புலம் ஆடும், என் திரையில் எல்லாம் கலங்கும். பின்பக்கம் மாற்றிவிடலாம் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பின்னால் டாய்லெட் பக்கம் வைத்தால் அதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். முனைவர் பட்டம் வாங்கிய நான் நாலாவது முறை எழுதவில்லை.

நான் பொன்னேரியில் ரயில் ஏறுகிறவள். சென்னைப் பக்கமிருந்து வரும் காலை வண்டி தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களால் நிரம்பித்தான் வரும். மீஞ்சூரில் ஏறும் ஓர் அக்கா பக்கத்துச் சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். நான் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அவருக்கு நாள் முழுக்க நின்றுகொண்டு அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. சர்க்கரை வேறு. பாதம் மரத்துப்போய், ஒரு நாள் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் பிளாட்பாரத்தின் பாதி தூரம் நடந்துவிட்டார். என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் அந்த டாக்டர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். சதா செல்போனில் சத்தமாக வீடியோ பார்க்கும் அந்தப் பெட்டியில் நான் மதித்தது அவர் ஒருவரைத்தான். இடம் பிடித்துத் தருகிறாரே என்பதும் ஒரு காரணம்.

என் வேலை இதுதான். நரம்புகளுக்கு வேண்டிய பி1 வைட்டமின் தானாகப் போய் செல்லுக்குள் நுழைந்துவிடாது. அதைப் பிடித்துச் சுமந்து போகிற புரதங்கள் இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது அப்படி ஒரு புரதம். அதுவும் மனிதருடையது இல்லை, ஒரு பாக்டீரியாவுடையது. பேனாவை விட மெல்லிய கண்ணாடிக் குழாயில் அதன் கரைசலை ஊற்றிக் காந்தத்துக்குள் இறக்கினால், புரதத்தின் ஒவ்வொரு பகுதியும் திரையில் ஒரு புள்ளியாக வரும். வைட்டமினைச் சேர்த்தால், புரதம் அதை எந்த இடத்தில் பிடிக்கிறதோ அந்த இடத்துப் புள்ளிகள் கொஞ்சம் நகரும். எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துக்கொண்டே ஒரு நாளைக் கழித்துவிடுவேன். அந்தக் கம்பெனியில் என்னைக் கட்டிப்போட்டிருந்தது அந்தக் காந்தம்தான். வேலையை விட்டால் அப்படி ஒன்றின் முன்னால் உட்கார எனக்கு இனிமேல் வாய்க்காது என்று நன்றாகத் தெரியும்.

கடைகளில் கிடைக்கிற சாதாரண பி1 சேர்த்தபோது ஏழெட்டுப் புள்ளிகள் நகர்ந்தன. எங்கள் கம்பெனியின் புதுப் பொடியைச் சேர்த்தபோது பாதித் திரையே இடம் மாறியது. நான் துள்ளிக் குதித்தேன், அதை மறைக்கப் போவதில்லை. படத்தை அச்சடித்து நானேதான் இயக்குநர் அறைக்குக் கொண்டுபோனேன். மற்றதை விட எங்கள் பொடியைப் புரதம் விழுந்து விழுந்து பிடிக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். நானும் அப்படித்தான் புரியவைத்தேன். இரண்டு நாளில் அந்தப் படம் பேனராகி வரவேற்பறையில் தொங்கியது, தலைகீழாக. நான் சொல்கிற வரை யாரும் கவனிக்கவில்லை. சொன்ன பிறகும் திருப்பி மாட்டவில்லை.

அந்த வாரம் ஆயுதபூஜை வந்தது. எங்கள் தொழிற்பேட்டையில் லாரி, கிரேன், தண்ணீர் மோட்டார் என்று எதுவும் பொட்டு வைத்துக்கொள்ளாமல் தப்ப முடியாது. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய காந்தத்தை மட்டும் விடுவார்களா? இயக்குநர் பட்டு வேட்டி கட்டி வந்து அதன் வயிற்றில் மூன்று விரலால் சந்தனம் பூசினார். சூடம் காட்ட இரும்புக் கரண்டியோடு வந்தவரை நான் கதவருகிலேயே மறித்துவிட்டேன். அதற்கு எல்லோரும் என்னை அபசகுனம் போலப் பார்த்தார்கள். கடைசியில் கரண்டி வெளியே நின்றது, காந்தத்தின் நான்கு காலடியிலும் காலுக்கொன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். லாரிச் சக்கரமாவது எலுமிச்சம்பழத்தை நசுக்கும், இது எங்கே நகரப் போகிறது என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் எல்லா ஆலைகளும் மூடியிருந்தன. முகப்பில் வாழைக்கன்று கட்டிய லாரிகள் சாலையோரம் வரிசையாக நின்றன. ஒன்றுகூட ஓடவில்லை. எனக்கு வேண்டியது அப்படி ஒரு நாள்தான். வாட்ச்மேனிடம் சொல்லித் திறந்து உள்ளே போய், பழைய சோதனையையே திரும்பச் செய்தேன். அந்தக் காந்தம் வந்த நாளாக அத்தனை தெளிவான படம் எனக்குக் கிடைத்ததில்லை. நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டு ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். வைட்டமின் உட்காரும் இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத மூலைகளிலிருந்தெல்லாம் புள்ளிகள் நகர்ந்திருந்தன. கரைசல் புளித்துப்போனால் எந்தப் புள்ளிகள் நகருமோ அவை.

அமிலத்தைக் காட்டும் லிட்மஸ் தாளைக் கரைசலில் நனைத்துப் பார்த்தேன். சிவந்தது. எங்கள் பொடியில் கெடாமல் இருக்க அமிலம் தூக்கலாகப் போட்டிருந்தார்கள். எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் முதலில் புளிப்பைச் சரிசெய்துவிட்டுச் சேர் என்பது முதல் வருஷ மாணவிக்குச் சொல்லித்தரும் பாடம். அதைத்தான் நான் செய்யாமல் விட்டிருந்தேன். ஆத்திரத்தில் குனிந்து காந்தத்தின் காலடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்தேன். அறுத்துப் பிழிந்து, வடிகட்டி, வைட்டமின் படாத புதுக் கரைசலில் ஒரு சொட்டு விட்டேன். அதே புள்ளிகள் அதே பக்கம் போயின. சந்தேகம் இருக்கக்கூடாதென்று வெறும் அமிலம் விட்டும், பொடியின் புளிப்பைச் சரிசெய்துவிட்டும் பார்த்தேன். சாதாரண பி1-க்கும் எங்கள் பொடிக்கும் கடுகளவு வித்தியாசம் இல்லை.

விடுமுறை முடிந்ததும் படங்களையும் மிச்சமிருந்த பழத்தையும் இயக்குநர் மேஜைமேல் வைத்து விளக்கினேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன். பேனரைக் கழற்ற வேண்டும், பொடிக்காக அவர்கள் தயாரித்து வைத்திருந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் பழத்தை எடுத்து மோந்து பார்த்தார்.

"எலுமிச்சையிலயும் வைட்டமின் இருக்குல்ல மேடம்? அப்ப அதுக்கும் வேலை செய்யுது. லெமன் ஃபிளேவர்லயே விட்டுடலாம்."

கிண்டல் செய்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவருக்கு அவ்வளவு புத்தி கிடையாது. கூட உட்கார்ந்திருந்த விற்பனை மேலாளர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். கையெழுத்துப் போடாவிட்டால் காந்தத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று மட்டும் இயக்குநர் மரியாதையாகச் சொன்னார். அடுத்த அறையில் அது ஒரு தினுசாக ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

நான் கெட்டிக்காரி அல்லவா, ஒரு வழி கண்டுபிடித்தேன். அறிக்கையை நானே எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியது ஒரே வரி. 'இப்பொடியைச் சேர்த்தவுடன் வைட்டமின் கடத்தும் புரதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்பட்டது.' அதில் பொய் என்று ஒரு வார்த்தையைக் காட்ட முடியாது. மடையர்களுக்கு நடுவில் நான் மட்டும் பொய் சொல்லாமல் தப்பிவிட்டேன் என்ற இறுமாப்போடு கீழே என் பெயரையும் பட்டத்தையும் போட்டேன். அன்று மாலை ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அந்த வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்து ரசித்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

பொடி கடைக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். காலை வண்டியில் அக்கா பையை எடுத்து எனக்கு இடம் விட்டார். பிறகு அதிலிருந்து மஞ்சள் பாக்கெட் ஒன்றை எடுத்தார். பின்பக்கம் என் வரி, அதன் கீழே என் பெயர்.

"இது நீதான டாக்டரம்மா? எங்க பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. உன் பேரு போட்டு கீதேன்னுதான் வாங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி பூடுது, அத்த நிறுத்திட்டேன்."

மாத்திரையையுமா என்று கேட்டேன். மாத்திரையையும்தான் என்றார். எத்தனை நாளாக என்றேன். மூன்று வாரமாம். காலைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"கால் அப்டியேதான் கீது. இதுல இன்னா போட்டுக்கிறீங்கன்னே தெர்ல. குடிச்சா வெறும் புளிப்பு."

ஒரு மடக்குக் குடித்தே சொல்லிவிட்டார். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு காந்தமும் லாரி ஓடாத ஒரு நாளும் வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. கவரைப்பேட்டை தாண்டும்போது சொன்னேன். வெறும் புளிப்புத்தான் அக்கா, வேறு ஒன்றும் இல்லை, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்றேன். அவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டியா?"

அந்த வரியில் பொய் எதுவும் இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். புரதம், புள்ளி, மாற்றம் என்று ஏதோ சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். இயக்குநர் பழத்தை மோந்தபோது நான் அவரைப் பார்த்தேனே, அந்தப் பார்வை. கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் அவர் காலை இழுத்து இழுத்து முன்னால் போனார். நான் பின்தங்கியே நடந்தேன்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மறுநாள் வந்திருந்தார். எப்போதும் போல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பக்கத்துச் சீட்டில் பை இருந்தது. நான் போய் எதிரே நின்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், பையை எடுக்கவில்லை. கும்மிடிப்பூண்டி வரை நின்றுகொண்டே போனேன்.