கோழி வண்டியில் ஏறிய சைக்கிள்

அங்கப்பன் இந்த ஒரு மாதமாகக் கடைக்குச் சுற்றுவழியில்தான் போகிறார். வீட்டிலிருந்து நேராக நடந்தால் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு, அதைத் தாண்டினால் பேக்கரி, பேக்கரியை ஒட்டி அவருடைய கடை. ஆனால் பேக்கரிக்கு மேலே அவரே தொங்குகிறார். தலையில் ஹெல்மெட், கழுத்தில் பதக்கம், மாடி ஜன்னலை மறைக்கிற அளவுக்கு ஃபிளெக்ஸ். 'குழந்தைகளின் உயிர் காக்க இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்த எங்கள் அண்ணன்' என்று எழுதி, அதற்குக் கீழே அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கொரு வட்டத்துக்குள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புகளுக்குக் கீழே நடந்துபோக அவருக்கு உடம்பு கூசுகிறது. குளத்துப் பக்கமாகச் சுற்றி வந்து பின்வாசல் வழியாகக் கடையைத் திறக்கிறார்.

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுக்கிற கடை அது. யாராவது ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால் முதலில் குனிந்து முகர்ந்து பார்ப்பார். பிறகு, என்னவோ தானே அதை எரித்துவிட்டதுபோல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "காயில் போயிருச்சுங்களே" என்பார். தோட்டத்தில் பயிர் காய்கிறது, நாளைக்கே வேண்டும் என்று வந்தவர் சொன்னால் "ஆகட்டுங்க". இல்லை, இன்றைக்கே வேண்டும் என்றாலும் அதே "ஆகட்டுங்க"தான். ஐம்பத்தேழு வயதாகிறது, இன்னும் முடியாது என்ற சொல் அவர் வாயில் ஏறவில்லை. பேய் வந்து பெண் கேட்டால்கூட இந்த மனுசன் ஆகட்டுங்க என்றுதான் சொல்வார் என்று அவர் மனைவி கீதா ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சைக்கிளும் அப்படி ஒரு ஆகட்டுங்கவில் வந்ததுதான். சர்க்கரை ஏறியிருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்றார் டாக்டர். எதிர் வரிசையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பஷீர், ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டத்தோடு வாங்களேன் என்றார். ஆரம்பத்தில் சூலூர் வரை போவதற்கே நாக்குத் தள்ளியது. இரண்டு வருடத்தில் மேட்டுப்பாளையம் போய்ப் போண்டா தின்றுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற அளவுக்குத் தேறிவிட்டார். பெருமை இல்லாத மனிதர்தான். ஆனாலும் அந்த இறுக்கமான கால்சட்டையோடு தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னால் வரத்தான் செய்தது.

ஆனி மாதத்தில் நடந்தது அந்தப் பெரிய ஓட்டம். மாதா மாதம் ரத்தம் ஏற்றினால்தான் நடமாட முடியும் என்ற நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கு நிதி திரட்டுவதற்காகப் பஷீரின் கூட்டம் நடத்தியது. கோவையிலிருந்து பல்லடம், தாராபுரம், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று ஒரு வட்டமடித்துத் திரும்பிக் கோவைக்கே வர வேண்டும். ஓட்டுகிற ஒவ்வொருவரின் சட்டை முதுகிலும் ஒரு குழந்தையின் பெயர். அங்கப்பன் முதுகில் லாஸ்யா. ஒன்பது வயதுக்காரி. குண்டடம் தாண்டித் தாராபுரம் போகிற வழியில், ரோட்டின் மேலேயே இருக்கிற சின்ன ஊர். முதல் நாள் பஷீரிடம் எண் வாங்கி அவளே கூப்பிட்டாள்.

"மாமா, எங்கூரு பஸ் ஸ்டாப்புல அட்டை புடிச்சுட்டு நிப்பேனுங்க. நீங்க வருவீங்கதானுங்களே?"

"ஆகட்டும் கண்ணு. வாரேன்."

அன்றைக்கு இரவு அந்தச் சட்டையைக் கீதா இஸ்திரி போட எடுத்தபோது, பெயர் எழுதிய இடத்தில் சூடு படக்கூடாது என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அங்கப்பனின் ஒரே மகள் லோகப்பிரியாவைக் கட்டிக் கொடுத்திருப்பது குண்டடத்தில். சம்பந்தி மயில்சாமிக்குக் கோழிப்பண்ணை. பெண் கொடுத்த வீட்டு வாசல் வழியாகச் சைக்கிளில் போய்விட்டு உள்ளே எட்டிப் பார்க்காமல் போனால் அது ஆயுசுக்கும் பேச்சாகிவிடும். வாசலில் நின்று ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவது என்று கணக்குப் போட்டார். அந்தக் கால்சட்டையோடு சம்பந்தியம்மா முன்னால் போய் நிற்க முடியாதே, அதற்காகப் பையில் ஒரு வேட்டியும் மடித்து வைத்துக்கொண்டார். ஊர் எல்லையில் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, கால்சட்டைக்கு மேலே வேட்டியைக் கட்டிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

சொம்புத் தண்ணீர் வந்தது. அதன் பின்னாலேயே வாழையிலையும் வந்தது. விடியற்காலையிலேயே சேவல் அடித்திருந்தார்கள். நெய் மிதக்கும் ஒப்புட்டுப் போளி வேறு. மருமகளின் அப்பா பிள்ளைகளின் உயிருக்காக மிதிக்கிறார் என்று மயில்சாமி பங்காளிகள் நாலு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். ஒவ்வொருவரும் எழுந்து வந்து நலம் விசாரித்தார்கள். பெண் கொடுத்த இடத்தில் பாதிச் சாப்பாட்டில் இலையை மடிக்க முடியுமா? அவர் கை கழுவி எழுந்தபோது சைக்கிள் கூட்டம் எப்போதோ போய்விட்டிருந்தது. கடைசியாக வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டு போகும் ஜீப்கூட, உறவுக்காரர் வீட்டில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டுக் கடந்துவிட்டதாம்.

"இந்த வயித்தை வெச்சுட்டு எங்கீங்க மிதிக்கப் போறீங்க சம்மந்தி? நம்ம வண்டி தாராபுரத்துக்குச் சும்மாதான் போவுது. ஏறிக்கோங்க" என்றார் மயில்சாமி. சொல்லி முடிப்பதற்குள் பண்ணை ஆட்கள் சைக்கிளைத் தூக்கிக் கோழிக் கூண்டுகளின் மேலே வைத்துக் கயிறு போட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கப்பன் மகளைப் பார்த்தார். அவள் மெல்ல, ஏறிக்கொள்ளுங்கள் அப்பா, மாமா சங்கடப்படுவார் என்றாள். ஏறிவிட்டார். மரியாதை முக்கால் பங்கு, வயிறு கால் பங்கு என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். அது நேர்மாறாகவும் இருக்கலாம் என்று தோன்றியபோது சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மொத்த வழியிலும் சுகமான துண்டு அதுதான். ஆனி மாதக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். குண்டடத்திலிருந்து தாராபுரம் வரை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடும். திரும்பி வரும்போதுதான், உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும், அதே காற்று மூஞ்சியில் அறையும். சின்னப் பையன்களே இறங்கித் தள்ளிய அந்தத் தூரத்தை அங்கப்பன் ஒரு இடத்திலும் கால் ஊன்றாமல் மிதித்து முடித்தார். அதைப் பார்த்தவர்கள்தான் இன்றுவரை புகழ்கிறார்கள். கஷ்டத்தையெல்லாம் நேர்மையாகக் கடந்துவிட்டு, காற்றே தள்ளிக்கொண்டு போகிற இடத்தில் வழுக்கிவிட்ட ஆள் என்று தன்னை நினைத்துக்கொள்வார். கோழி வண்டியை மட்டும் என்றால் அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பார். கீதாவிடம் சொல்லவும் செய்தார். சம்பந்தி சொல்லும்போது எப்படித் தட்டுவது, அதில் ஒரு தப்பும் இல்லை என்று கீதா அந்த நிமிடமே மன்னித்துவிட்டார். மீதியை அவரிடமும் சொல்லவில்லை.

மீதி இதுதான். வண்டியை ஓட்டியவர் கருப்புசாமி என்ற பண்ணை டிரைவர். ஒரு பஸ் நிறுத்தத்தை நெருங்கும்போது அவர் வேகத்தைக் குறைத்தார். அங்கே காற்றில் படபடக்கிற அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு மெலிந்த பெண்குழந்தை நின்றது. அட்டையில் சிவப்பு எழுத்தில் 'அங்கப்பன் மாமா'. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு அதன் அம்மா.

"ஏனுங்க, உங்க பேரை எழுதிட்டு யாரோ நிக்கறாங்களே. நிறுத்தட்டுங்களா?"

"வேண்டாமுங்க. நேரமாச்சு. போங்க."

சொல்லிக்கொண்டே குனிந்து ஷூ கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவிழாத கயிற்றை அவிழ்த்து, மறுபடியும் கட்டி, ஊர் தாண்டிய பிறகுதான் நிமிர்ந்தார். யாருக்கும் எதற்கும் வேண்டாம் என்று சொல்லிப் பழகாத மனிதர், அன்றைக்கு மட்டும் அதைத் தடங்கலில்லாமல் சொன்னார். நினைக்க நினைக்க அதுதான் அவரைத் தின்கிறது. இறங்கி, சாப்பிட்டு அசந்துவிட்டேன் கண்ணு, வண்டியில் வந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை சிரித்திருக்கும். தாராபுரத்துக்கு முன்னால் இறங்கிக்கொண்டு, மூச்சு வாங்குகிற ஆள் மாதிரியே மூச்சு வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தார். சட்டையில் கோழி நாற்றம் அடித்தது. ஒருவரும் கேட்கவில்லை.

போன வாரம் குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றுகிற நாள். ஓட்டியவர்களும் குழந்தைகளும் ஒரு தடவை நேரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று பஷீர் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். அங்கப்பன் வழக்கம்போல ஆகட்டுங்க என்றுவிட்டு, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆப்பிள் வாங்கினார். அது போதாது என்று தோன்றித் திரும்பிப் போய்ப் பேரீச்சம்பழமும் வாங்கினார்.

லாஸ்யா கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஒரு கையில் ஊசி, மேலே தொங்கும் பையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. இவர்தான் உன் அங்கப்பன் மாமா என்று பஷீர் சொன்னதும் அவள் முகம் மலரும் என்று எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பதிலாகக் கண் கலங்கியது.

"கோவிச்சுக்கிட்டீங்களா மாமா? தண்ணி குடின்னு அம்மா கூப்டாங்க. அந்தப் பக்கம் திரும்பி ரெண்டு முழுங்குதான் குடிச்சேன். அதுக்குள்ள நீங்க போயிட்டீங்க. நான் பாக்காம உட்டுபோட்டேன்."

தண்ணீர் கொடுத்தது தன் தப்புதான் என்று அவள் அம்மாவும் கையைப் பிசைந்தாள். சிட்டாகப் பறந்திருப்பார், நீ எங்கே பார்ப்பது என்று பஷீர் சிரித்து அந்தப் பேச்சை முடித்துவைக்கப் பார்த்தார். தலையாட்டிவிட்டால் போதும், இதோடு தீர்ந்துவிடும் என்பது அங்கப்பனுக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் பழக்கமெல்லாம் தலையாட்டுவதுதான். கையிலிருந்த பழப்பையைக் கீழே வைத்தார்.

"நீ ஒண்ணும் உட்டுப்போடலை கண்ணு. நான் சைக்கிள்ல வரவே இல்லை. சம்மந்தி ஊட்டுல தின்னுபோட்டுக் கோழி வண்டில ஏறி வந்தேன். உன்னையப் பாத்தேன். பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டேன்."

பஷீர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கப்பனுக்குக் காது மடல் சுட்டது. இந்த வயதில், இத்தனை பேருக்கு நடுவில், ஒரு குழந்தையிடம் கூனிக் குறுகி நிற்கிறோமே என்று இருந்தது. ஆனாலும் நகரவில்லை. லாஸ்யா புருவத்தைச் சுருக்கி எதையோ நினைவுபடுத்திப் பார்த்தாள்.

"கூண்டு அடுக்கின வண்டிங்களா? மேல சைக்கிள் கட்டியிருந்துச்சே, அதுங்களா?"

"ஆமா கண்ணு. அதுதான்."

"அதுக்கும் நான் கை காட்டினனே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதுபோல் சொன்னாள்.

அங்கப்பன் அவள் முகத்துக்குக் கண்ணை உயர்த்த முடியாமல், கட்டில் காலைப் பார்த்தபடியே, வலது கையைத் தோள் வரைக்கும் தூக்கி மெல்ல அசைத்துக் காட்டினார்.