நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களும் அனுஷாவின் வகுப்பும்

அனுஷா எனக்கு மூன்று மாத வாடகை, ஆயிரத்து ஐந்நூறு டொலர், தரவேண்டியிருந்தது. டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையை எங்கள் சென்ட் லோரன்ட் பகுதியில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நான் அந்தக் காசைக் கேட்டு நெருக்கவில்லை. மாதத்தில் இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.

நான் ஐந்தாம் வகுப்பு. எண்பத்தாறில் ஒரு பையோடு வந்து இறங்கி, முதலில் கோப்பை கழுவினேன், பிறகு கட்டடம் கழுவினேன், இன்று பதினான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரையில் உங்கள் முகம் தெரிந்தால், அது இந்த உருத்திரமூர்த்தியின் தரை. பல்கலைக்கழகத்துப் பிள்ளையைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அவளுடைய பாடத்தை ஒரு பருவம் முழுவதும் கேட்டவன் நான். ஒரு சதம் கட்டணம் கட்டாமல்.

எப்படியென்றால், எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில்தான் அவள் இருந்தாள். அந்த அறைக்கும் மேலே எங்கள் குசினிக்கும் சூட்டுக்காற்று வருகிற குழாய் ஒன்றுதான். கீழே ஒருவர் தும்மினால் மேலே சிவமலர் "நூறு" என்பாள். சிவமலர் என் மனைவி.

அனுஷா நாமக்கல் பிள்ளை. புள்ளிவிபரத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க வந்தவள். படித்துக்கொண்டே படிப்பிக்கவும் வேண்டும். அங்கே முறை அப்படி. பேராசிரியர் பெரிய மண்டபத்தில் முந்நூறு பேருக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த முந்நூறு பேரையும் சிறு சிறு வகுப்பாகப் பிரித்து, விளங்காததை விளங்கவைப்பது இவளைப் போன்ற ஆராய்ச்சி மாணவர்களின் வேலை. மேசன் கட்டிவிட்டுப் போன சுவருக்குப் பூச்சுப் பூசுவது மாதிரி. வீட்டுக்கு வருகிறவன் பார்ப்பது பூச்சைத்தான், ஆனால் பெயர் மேசனுக்கு.

செவ்வாய் இரவில் அவள் உடுப்புத் தோய்க்கிற இயந்திரத்துக்கு முன்னால் நின்று அடுத்த நாள் பாடத்தைச் சொல்லிப் பார்ப்பாள். இயந்திரம் சுற்றுகிற சத்தத்துக்கு மேலாகச் சொல்வாள். ஒரே விடயத்தை மூன்று விதமாகச் சொல்வாள். பிறகு தானே மாணவியாகி, "எனக்குப் புரியல" என்று சொல்லி, நாலாவது விதமாகவும் சொல்வாள். நான் மேலே தேத்தண்ணியோடு உட்கார்ந்து கேட்டிருப்பேன். மூன்றாவது விதத்தில் எனக்கு விளங்கிவிடும். எனக்கு விளங்கினால் யாருக்கும் விளங்கும் என்பதல்ல பொருள். நான் கெட்டிக்காரன்.

டிசம்பரில் ஒரு நாள் வேலையால் வந்து பார்த்தால், பின்கதவடியில் இருபத்திரண்டு பனிச்சப்பாத்துகள். பதினொரு பேர். பிள்ளை உள்ளே ஏதோ சட்டவிரோத வியாபாரம் நடத்துகிறாள் என்று நினைத்துக் கீழே இறங்கினேன். பதினொரு பிள்ளைகள் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து கணக்குச் செய்கிறார்கள். வெள்ளை, கறுப்பு, சீனம், எல்லாம். அடுத்த நாள் சோதனையாம். காசு வாங்குகிறாளா என்று கேட்டேன். இல்லையாம். எனக்கு வாடகை வராத மாதம் அது.

வராததற்குக் காரணம், அவளுடைய பேராசிரியரின் ஆராய்ச்சிப் பணம் நவம்பரோடு நின்றுவிட்டது. படிப்பிக்கிற சம்பளம் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கே போனது. மார்ச்சிலிருந்து எங்கேயோ விடைத்தாள் திருத்தி மாதாமாதம் தந்தாள், பழைய மூன்று மாதம் அப்படியே நின்றது.

மார்ச் தொடக்கத்தில் குழாய் வழியாக இன்னொரு செய்தி வந்தது. அவள் தாயோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நல்லா சொல்லிக் குடுக்கற ஸ்டூடன்ட்ஸுக்கு வருஷா வருஷம் ஒரு அவார்டு குடுப்பாங்க. எங்க டிபார்ட்மென்ட்ல என் பேர அனுப்பிருக்காங்க. ரெண்டாயிரம் டாலர். கெடச்சா வாடகை பாக்கிய அடச்சிட்டு இங்கயே இருப்பேன். கெடைக்கலன்னா மே மாசம் படிப்ப நிறுத்திட்டு குடோன்ல மாத்திரை பாக் பண்ற வேலைக்குப் போறேன்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். மாத்திரை அடைக்கிற இடங்களை நான் அறிவேன், அங்கே தரை துடைக்கிறவன் நான். அங்கே யாரும் ஒரு விடயத்தை நாலு விதமாகச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த நாள் அவளை மறித்துக் கேட்டேன்.

"பிள்ளை, உந்தப் பரிசுக்கு என்ன செய்யவேணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம் அங்கிள். மூணு லெட்டர் போகணும், அவ்ளோதான்."

"மூண்டே?"

"மூணு."

மூன்று கடிதம். எங்கள் சங்கத்தில் ஒரு பொருளாளர் பதவி விலகினாலே வாழ்த்து மடல் இருபது வரும். இந்தப் பிள்ளைக்கு முன்பின் தெரியாத ஊரில் மூன்று பேர் மட்டும் சாட்சி சொல்வதா? நான் இருக்க?

நேரே சண்முகலிங்கத்திடம் போனேன். ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர், எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் எது எழுதுவதென்றாலும் அவர்தான். ஒரு பக்கத்தில் அருமையாக எழுதித் தந்தார். அனுஷா நல்ல குடும்பத்துப் பிள்ளை, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருவாள், தண்ணீரை வீணாக்கமாட்டாள், மிகச் சிறந்த ஆசிரியை, கௌரவ சபையினர் ஆவன செய்யவேண்டும். அதைப் பிரதி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். அன்று அன்னதானம் என் உபயம். வடை பரிமாறியவனும் நான்தான். ஒரு கையில் வடை, மற்றக் கையில் பேனை. ஒரு மணி நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. பக்கத்து லவாலில் இருந்து வந்த அல்போன்சம்மா வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், அயலவளோடு சும்மா வந்தவள். அவளும் போட்டாள்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒரு வாழைப்பழப் பெட்டியில் அடுக்கி, என் வான் வண்டியில் கொண்டுபோய்ப் பரிசுக்குழுத் தலைவி கத்தரினின் மேசையில் வைத்தேன். கத்தரின் ஒரு பேராசிரியை, மெலிந்த, நரைத்த பெண்மணி. "போன்ஜூர்" என்றார். பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், திரும்பவும் பெட்டியைப் பார்த்தார். பிரமித்துவிட்டார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை அனுஷா மேலே வந்தாள். கையில் தொலைபேசி.

"அங்கிள், நானூத்திப் பன்னெண்டு லெட்டர் நீங்களா குடுத்தீங்க?"

"ஓம் பிள்ளை. நன்றியெல்லாம் பேந்து சொல்லலாம்."

"எல்லா லெட்டரும் ஒரே லெட்டர்."

"எல்லாரும் ஒரே கருத்து."

"அங்கிள், என் வகுப்புல உக்காந்தவங்க மட்டும்தான் எழுதலாம். நான் ஆள் வெச்சுக் கையெழுத்து வாங்கினேனான்னு கமிட்டி கேக்குது. என் பேர நிறுத்தி வெச்சிருக்காங்க. அடுத்த புதன் கத்தரின் மேடம் என் வகுப்புக்கு வந்து பாத்துட்டு முடிவு சொல்லுவாங்க."

கண் சிவந்திருந்தது, குரல் உயரவில்லை. சிவமலர் அடுப்பை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இனி ஒண்டும் செய்யாதேங்கோ."

நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் கோப்பைதான் கழுவிக்கொண்டிருப்பேன். குழு சொன்ன குறை என்ன? கடிதம் தந்தவர்கள் வகுப்பில் இருக்கவில்லை. சரி, இருத்திவிட்டால் போயிற்று. மறு புதன் துடைப்பம், வாளி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு இரண்டு வான் வண்டியிலும் ஆட்களை ஏற்றினேன். மீதிப்பேர் மெத்ரோவில் வந்தார்கள். என்னோடு இருபத்துமூன்று பேர். மாலை ஒன்று, பொன்னாடை இரண்டு. ஒன்று கத்தரினுக்கு. சிவமலரும் வந்தாள், என்னைப் பிடித்துவைக்க.

வகுப்பில் மாணவர்கள் முப்பத்தைந்து பேர். நாங்கள் பின்சுவரோடு வரிசையாக நின்றோம். கத்தரின் ஒரு மூலையில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தார், காலடியில் என் வாழைப்பழப் பெட்டி. அனுஷா உள்ளே வந்தாள், எங்களைக் கண்டாள், மாலையைக் கண்டாள். கையிலிருந்த பாடத் தாள்களை மெல்ல மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

இனி நடந்தது ஆங்கிலத்தில். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன், எனக்கு முழுவதும் விளங்கியது.

கத்தரினிடம் கேட்டுப் பெட்டியை வாங்கி எல்லோருக்கும் காட்டினாள். "இதில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் நான் நன்றாகப் படிப்பிக்கிறேன் என்கிறார்கள். நம்பலாமா?" என்றாள்.

ஒரு பிள்ளை, எண்ணிக்கை பெரிது, நம்பலாம் என்றது. இன்னொன்று, யாரிடம் வாங்கினது என்று தெரியவேண்டும் என்றது.

"அவரையே கேட்போம்" என்று அனுஷா என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "அங்கிள், எங்க வாங்கினீங்க?"

"கோயிலில. சாப்பாட்டு வரிசையில."

"கையெழுத்துப் போட மாட்டேன்னு யாராவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் இல்லை."

"போடாதவங்களுக்கு வடை உண்டா?"

"போட்டாப் பிறகு சாப்பிட்டிருப்பினம்."

இதை அவள் ஆங்கிலத்தில் சொன்னதும் வகுப்பு சிரித்த சிரிப்பில் அல்போன்சம்மாவும் சிரித்துவிட்டாள். அனுஷா பலகையில் எழுதினாள்: இந்தப் பெட்டி சொல்வது, அன்றைக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பசித்தது. என்னைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை.

"அப்ப பிள்ளை, நான் போட்ட கையெழுத்து வீணோ?" என்றாள் அல்போன்சம்மா.

"வீணில்ல ஆன்ட்டி. நீங்க சரியான பதில்தான் சொல்லிருக்கீங்க. கேள்விதான் வேற."

எனக்குச் சுருக்கென்றது. முன்னால் வந்தேன். "பிள்ளை, கோயிலை விடு. உன்ர உண்மையான மாணவரிட்டக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவினம். பேரில்லாமல் துண்டுக் கடதாசியில எழுதட்டும். பத்துத் துண்டு எடுப்பம். அதில ஒண்டு குறை சொன்னாலும் உன்ர மூண்டு மாச வாடகையை விட்டன்."

பின்வரிசையில் சிவமலர் தலையில் கை வைத்தாள். அனுஷா பந்தயத்தை வகுப்புக்கு மொழிபெயர்த்தாள். மாணவர்கள் மேசையில் தட்டினார்கள்.

துண்டு எழுதுவதற்கு முன் ஒரு கணக்குக் கொடுத்தாள். முப்பத்தைந்து பேரில் மூன்றே மூன்று பேர் குறை எழுதினாலும், பத்துத் துண்டு எடுத்தால் அதில் ஒன்றாவது அகப்பட எவ்வளவு வாய்ப்பு? பிள்ளைகள் குனிந்து கணக்கிட்டார்கள். அவளுடைய செவ்வாய்க்கிழமை வழக்கப்படி ஒரு விதம் சொன்னாள், இரண்டாவது விதம் சொன்னாள். மூன்றாவது விதத்தில் எனக்கு விளங்கிவிட்டது. நூற்றுக்கு அறுபத்தைந்து. பந்தயம் கட்டும்போது ஒன்று எடுப்போம் என்று சொல்லியிருக்கவேண்டும். முப்பது வருடமாக விலை குறித்துக் கேள்விப்பத்திரம் போட்டு ஒப்பந்தம் எடுக்கிறேன், இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

என் கடிதங்களைக் கொட்டிவிட்டு அதே பெட்டிக்குள் முப்பத்தைந்து துண்டையும் போட்டார்கள். சிவமலரைக் கண்ணை மூடி எடுக்கச் சொன்னார்கள். முதல் ஏழு துண்டும் புகழ்ச்சி. "பயப்படாமல் கேள்வி கேட்க முடிகிறது." "என் பெயரை முதல் வாரமே தெரிந்து வைத்திருந்தார்." எட்டாவது: பலகையில் எழுத்து மிகச் சிறியது, பின்னால் இருந்தால் எறும்பு ஊர்வது போல இருக்கிறது.

"ஆர் எழுதினது?" என்று நான் பின்வரிசையைப் பார்த்துக் கேட்டேன், தமிழில்.

அனுஷா கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். மீதித் துண்டுகளையும் தானே வாசித்தாள். இன்னும் நாலு பேர் அதையே எழுதியிருந்தார்கள். "இதுதான் கடிதம்" என்றாள். பலகையை முழுவதும் அழித்தாள். அதே கணக்கை, ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரத்தில், முதலிலிருந்து எழுதினாள். திரும்பிப் போய்ப் பின்சுவரோடு நின்ற எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரிந்தது. கத்தரின் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் யாருக்கு மாலை போடுவது என்று தெரியாமல் சண்முகலிங்கம் அதைப் பெட்டிக்குள் வைத்தார்.

ஏப்ரல் கடைசியில் முடிவு வந்தது. பரிசு அனுஷாவுக்கு. தன் பிழையை இருபது நிமிடத்துக்குள் கேட்டறிந்து, எல்லோர் முன்னிலையிலும் திருத்திய ஆசிரியரை இதுவரை கண்டதில்லை என்று கத்தரின் அறிக்கையில் எழுதியிருந்தார். அந்த நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களையும் குழு கணக்கில் எடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். எழுதட்டும். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அந்தப் பாடம் ஏது? பரிசளிப்பில் இரண்டு பொன்னாடையும் போர்த்திவிட்டுத்தான் வந்தேன். கத்தரின் அதைக் கழற்றாமல் கோப்பி குடித்தார்.

மறுநாள் அனுஷா வங்கிக்குப் போய்விட்டு ஒரு கடித உறையோடு மேலே வந்தாள்.

"அங்கிள், வாடகை பாக்கி."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வேண்டாம் பிள்ளை. முப்பத்தைந்து பேருக்கு முன்னால சொன்ன சொல்லு. எட்டாம் துண்டோட அந்தக் காசு போச்சு."

"அங்கிள், எனக்குக் கடனோட இருக்கப் பிடிக்காது."

"எனக்குச் சொல்லு மாறப் பிடிக்காது."

இப்படிக் கால் மணி நேரம் நின்றோம். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. சிவமலர் அதை இறக்கி வைத்துவிட்டு, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, பந்தயம் கட்டினது ஆர்?"

"நான்."

"வீடு ஆரின்ர பேரில?"

வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தொண்ணூற்றெட்டில், கடை ஒன்றில் நான் போட்ட காசு போனபிறகு, வங்கி என் கையெழுத்துக்குக் கடன் தரவில்லை. வீடு சிவமலரின் பெயரில். இதை எங்கும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியும் வந்ததில்லை.

"உம்மட பேரில" என்றேன்.

"நான் ஒருத்தரோடயும் பந்தயம் கட்டேல்லை" என்று சிவமலர் அனுஷாவுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

அனுஷா உறையைப் பிரித்தாள். எல்லாம் ஐம்பது டொலர்த் தாள். அவசரப்படாமல், பின்சுவரில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அந்தக் கையில் வைத்தாள். முப்பதாவது தாள் வரும்வரை நானும் கூடவே எண்ணினேன்.