கடைசி வருடச் சம்பளம்

என் கணவர் கண்டி டவுனில் ஒரு தனியார் கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, சம்பளத்தில் பாதிக்கு மேல் கம்பனியின் ஓய்வூதிய நிதியில் கூடுதலாகப் போடப்போவதாகச் சொன்னார். கையில் வாங்கினால் ஒரு பகுதி வரிக்குப் போய்விடும், நிதியில் சேர்த்துப் பிறகு எடுத்தால் வரி குறைவு என்று கணக்குப் பிரிவில் விளக்கியிருந்தார்கள்.

"அப்ப வீட்டுச் செலவுக்கு?" என்றேன்.

"ஒரு வருசந்தானே. சமாளிச்சிக்கலாம்."

எனக்கும் சரியென்றே பட்டது. கடுகண்ணாவை வீட்டில் இருந்தபடி நான் பள்ளிச் சீருடை தைத்து வந்தேன். சாப்பாட்டுக்கு அது போதும்.

பிறகு மழை பிடித்தது. ஒரு நாள் காலை வீட்டுக்குப் பின்னால் போனபோது மண்மேட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. நாங்கள் அறிவித்ததும் பார்க்க வந்த மண்சரிவு அதிகாரி, மழை நேரம் வீட்டில் இருக்கவேண்டாம் என்றார். தாங்குசுவர் கட்டினால் ஓரளவு தப்பலாமாம். அதற்கு, சுவர் கட்டும் மேசன் பாஸ் கேட்ட பணம் எங்களிடம் இல்லை. நிதியில் இருந்தது.

கணவரோடு நானும் கம்பனிக்குப் போனேன். கணக்குப் பிரிவில் இருந்த முஸ்லிம் தம்பி கதிரையை இழுத்துப் போட்டார்.

"சல்லி உங்கடதான் அக்கா. ஆனா ஓய்வு பெறும் மட்டும் எடுக்க ஏலாது. அதாலதான் வரிச் சலுகையே தாராங்க."

"மேடு சரிஞ்சு வருது தம்பி. அதுகிட்ட யாரு போய்ச் சொல்றது, கொஞ்சம் பொறுன்னு?"

கணவர் கேட்டார்: "நான் இப்பவே வேலைய விட்டுட்டா?"

"அப்பயும் வயசு வந்தாத்தான் அண்ணன் கிடைக்கும். இனிப் போடுறத நிப்பாட்டலாம். போட்டது போட்டதுதான்."

என் காப்பை அடகு வைத்து சுவர் வேலையைத் தொடங்கினோம். இடுப்பளவு எழுந்ததும் பணம் தீர்ந்தது.

நூல் வாங்க நான் கடைக்குப் போயிருந்த ஒரு பின்னேரம் மேடு இறங்கியது. திரும்பி வந்தபோது குசினியும் தையல் அறையும் இல்லை. றோட்டில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. வேலையிலிருந்து ஓடிவந்த கணவர் சேற்றை வெறுங்கையால் தோண்டத் தொடங்கினார்.

"விடுங்க! உள்ள யாரும் இல்ல."

"மெசின் இருக்கு," என்றார். நகம் பிய்ந்து இரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. அயலவர்கள் இருவர் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் காணியில் இனி வீடு கட்டக்கூடாது என்று அதிகாரிகள் எழுத்தில் தந்துவிட்டார்கள். கலகெதரயில் ஒற்றை அறையொன்றை வாடகைக்கு எடுத்தோம். அங்கிருந்தே அவர் வேலைக்குப் போய் ஓய்வு பெற்றார். பணமும் வந்தது. வரியும் சொன்னபடி குறைவாகவே பிடித்தார்கள். அதில் காணி வாங்கினால் வீடு கட்ட ஒன்றும் மிஞ்சாது. சும்மா வைத்துச் சாப்பிட்டால் எவ்வளவு காலம்?

ஞாயிற்றுக்கிழமைகளில் காணி பார்க்கப் போகிறோம். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம்.