மயில் கழுத்தும் மறையப்போகிற சூரியனும்

அஸ்தமனத்தைப் போட்டோ எடுக்கிறவர் எடுத்த கையோடு டீ குடிக்கப் போய்விடுவார். மாட்டிக்கொள்வது அதை எடிட் பண்ண உட்காருகிற ஆள்தான். என்னை மாதிரி மவுஸும் கையுமாக உட்கார்ந்து, கஸ்டமர் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவசரமாகப் படத்தைச் சேவ் பண்ணுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

ப்ளஸ் ஒன்னைப் பாதியில் விட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தவள் நான். படிப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பின்னால் சோகக் கதை எதுவும் இல்லை. "இந்த வேலையும் நிக்கலேன்னா டுட்டோரியல்தான்டி" என்று அம்மா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள்.

ஜுரம்

ஐயம்பேட்டை பக்கம் ஒரு ஏரிக்கரையில் எடுத்த படம். நிச்சயதார்த்தம் முடிந்த ஜோடி, பின்னால் தண்ணீர், அதற்கு மேலே சூரியன். ரிசப்ஷன் வாசலில் நிறுத்தப்போகிற பெரிய போர்டுக்கு இதுதான் வேண்டுமாம். எடுத்தவர் ஸ்டூடியோ முதலாளி தணிகைவேல் அண்ணன். "இதை ஒழுங்கா முடிச்சா நீ இங்கியே இரு. இல்லேன்னா முன்ன மாதிரி எடிட்டிங்கை வெளியில குடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

வானம் வெளுத்துப்போயிருந்தது. வெளிச்சத்தை இறக்கி, மேகத்தின் ஓரத்தில் மட்டும் லேசாக ஆரஞ்சு ஏற்றினேன். என் கண்ணுக்கு அதுதான் அழகு. மாப்பிள்ளை வந்து, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, சூரியன் ஜுரத்துல படுத்துக்கினு இருக்கிற மாதிரி இருக்குது?"

காமாலை

சரி, ஆரஞ்சுதானே வேண்டும் என்று இழுத்து ஏற்றினேன். வானம் பற்றி எரிந்தது. எனக்குத்தான் பொறுமை கிடையாதே. முகத்தைத் தனியாகப் பிரிக்காமல் முழுப் படத்துக்கும் ஏற்றி, வாட்ஸ்அப்பில் அனுப்பியும்விட்டேன். அனுப்பின பிறகுதான் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பூசணிக்காய். அழித்துவிடலாம் என்று போனை எடுப்பதற்குள் டிக் நீலமாகிவிட்டது. அடுத்த நொடி மணி அடித்தது. கோமதி, அதாவது கல்யாணப் பெண்.

"சிஸ்டர், கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு மஞ்சக் காமாலை வர வெச்சிட்டீங்களே!"

ஊடை

இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைத் தனியாக, முகத்தைத் தனியாகப் பிரித்து வேலை செய்தேன். சாப்பிடும்போதும் தட்டில் ஆரஞ்சு அதிகமோ என்றுதான் பார்த்தேன். கடைசியில் மாப்பிள்ளை ஓகே, கோமதி ஓகே. அப்பாடா என்று நிமிர்ந்தபோது கோமதியின் அப்பா கையில் மஞ்சப்பையோடு வந்தார்.

அவர் தறி நெய்கிறவர். படத்தில் கோமதி கட்டியிருந்த நிச்சயதார்த்தப் புடவை அவரே நெய்தது. மயில் கழுத்துக் கலர்: நீளவாட்டில் ஓடுகிற பாவு நீலம், குறுக்கே ஓடுகிற ஊடை பச்சை, அசைந்தால் இரண்டும் மாறி மாறித் தெரியும். என் படத்திலோ அது காய்ந்த சருகு மாதிரி இருந்தது. அவர் சூரியனைப் பார்க்கவேயில்லை. சம்பந்தி வீட்டிலும் எல்லாரும் தறிக்காரர்களாம்; போர்டு முன்னால் நின்று என்ன கேட்பார்களோ என்று அவருக்கு வியர்த்தது. அவருக்கு வியர்த்ததும் எனக்கும் வியர்த்தது.

"ஏம்மா, நான் பச்சை ஊடை போட்டு நெய்ஞ்சேன். நீ எந்தச் சாயப்பட்டறைல குடுத்து மாத்தினே?"

ரோட்டில்

பையிலிருந்து புடவையை எடுத்து, திரைக்குப் பக்கத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தார். "இதாம்மா கலரு." எனக்கு வாய் நிற்கவில்லை. "ஐயா, டியூப்லைட்டுல தெரியற கலர் சாயங்காலத்துல தெரியாது" என்று சொல்லிவிட்டேன். தணிகைவேல் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் டுட்டோரியல் பெஞ்சே தெரிந்தது. சொன்னதைத் திரும்ப வாங்கவா முடியும்? "வாங்க, வெளியே போய்ப் பார்த்துடலாம்" என்றேன்.

வெயில் இறங்குகிற நேரம். ரோட்டோரத்தில் புடவையின் ஒரு முனையை அவர் பிடித்தார், இன்னொன்றை நான். இந்த ஊரில் ரோட்டில் பட்டுப்புடவையை விரித்தால் சும்மா விடுவார்களா? ஒரு டூரிஸ்ட் வேன் நின்றே விட்டது. "இந்தக் கலர்ல இன்னொண்ணு இருக்குமா?" என்று ஒரு அம்மா ஜன்னல் வழியாகக் கேட்டார். நான் புடவையைத்தான் பார்த்தேன். வெயில் பட்ட இடமெல்லாம் செம்பு, மடிப்பெல்லாம் கறுப்பு. அப்படியே என் படம்தான். கோமதியின் அப்பா குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நீ சொல்றது நெஜந்தாம்மா. ஆனா போர்டுல நெஜம் வேணாம். மயில் கழுத்து வை."

தலைப்பு

வைத்தேன். மடிப்பு மடிப்பாகப் பச்சையும் நீலமும் ஏற்றினேன். பின்னால் வானம் எரிகிறது, புடவை மட்டும் கடை ஷோகேஸில் நிற்கிறது. எனக்கு உறுத்தியது. அதனால் முந்தானைத் தலைப்பின் ஓரத்தில் மட்டும், யாரையும் கேட்காமல், துளி வெயிலை விட்டுவைத்தேன். போர்டு அச்சாகி வந்த பிறகுதான் அது எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்று புரிந்தது.

ரிசப்ஷன் அன்று போர்டை நிறுத்த நானும் போனேன். தூணை ஒட்டி நின்று, வருகிறவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புடவையில் பார்டர் சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அச்சடித்த படத்தைத்தான்! விரல் அப்படியே என் வெயிலில் வந்து நின்றது. "இன்னா சம்பந்தி, தலைப்புல மட்டும் ஜரிகை இவ்ளோ தூக்கலா இருக்குது?" என்றார். கோமதியின் அப்பா போர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பொண்ணுக்குன்னு நெய்ஞ்சதாச்சே, இல்லாம இருக்குமா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். தணிகைவேல் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

"காலையில நேரத்தோட வந்துடு. இன்னொரு ஜோடி வருது, அவங்களும் ஏரிக்கரைதான் கேக்கறாங்க."

அவ்வளவு பாடுபட்டு நான் எரியவிட்ட சூரியனை மட்டும் அந்த மண்டபத்தில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.