பூஞ்சாணத்தின் மேல் நான் ஊற்றிய துத்தம்

பூஞ்சாணம் என்றால் ஒழிக்க வேண்டியது, அதைக் காசு கொடுத்து வாங்குகிறவன் மூளை கெட்டவன் என்று நாற்பத்திரண்டு வயது வரை உறுதியாக நம்பினேன். கடலையில் இலைப்புள்ளி, மிளகாயில் அழுகல் என்று பூஞ்சாணத்தோடு மல்லுக்கட்டியே முடி நரைத்தவன் வேறு எதை நம்புவான்?

ஆண்டிமடத்துக்குப் பக்கம் எங்கள் கொல்லை; மேட்டு நிலத்தை அங்கே அப்படித்தான் சொல்வோம். அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுபடி பெரம்பலூரோடு சேர்த்து, அரசாங்கமே குழம்பிக் கிடந்த வருஷங்கள். மழையும் குழம்பியிருந்தது. முந்தின சித்திரை வெயிலில் மிளகாய் மொத்தமும் வெந்து போயிருந்தது. இந்த முறையும் கருகினால் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது.

அதனால்தான் வேளாண்மை ஆபீஸ் கூட்டத்துக்கு நானும் மனைவியும் போனோம். நல்ல பூஞ்சாணம் ஒன்று உண்டு, அது வேரோடு ஒட்டிக்கொண்டால் வேர் ஆழம் போகும், செடி வெயில் தாங்கும் என்றார் அதிகாரி.

"அப்ப கொடையும் புடிக்குமா சார்?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் குளிர்ந்துபோய், அவர் அடுத்துச் சொன்ன எதையும் நான் கேட்கவில்லை. மனைவி கேட்டாள். ஒரு பொட்டலம் வாங்கிவந்து, முக்கால்வாசித் தூளைத் தொழுவுரத்தில் கலந்து, தண்ணீர் தெளித்து, முந்திரி நிழலில் ஓலை போட்டு மூடினாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, அவள் தா.பழூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த அன்று, ஓலையைத் தூக்கிப் பார்த்தேன். குவியல் முழுக்க வெள்ளையும் பச்சையுமாக மயிர் முளைத்துக் கிடந்தது. கொல்லை, முந்திரி, கடைசியில் நான், எல்லாம் பச்சை பூத்து நிற்கிற மாதிரி கண்ணில் தெரிந்தது. வேட்டி அவிழ்வது தெரியாமல் ஓடி, பூஞ்சாணத்தைக் கொல்ல வீட்டில் வைத்திருந்த மயில்துத்தம் அத்தனையையும் கரைத்துக் குடம் குடமாக ஊற்றினேன். எரு நீலமாகும்வரை ஊற்றினேன். ஊரைக் காப்பாற்றிய களைப்பில் படுத்துத் தூங்கவும் செய்தேன்.

"என்னாங்க ஊத்தி வச்சிருக்கீங்க?" என்று ஊரிலிருந்து திரும்பியவள் எழுப்பினாள்.

"துத்தம். எருவெல்லாம் பூத்துக் கெடந்துச்சு. நான் மட்டும் பாக்கலன்னா..."

"பூத்தாதான்யா மருந்து! பச்ச பூத்தா தயாருன்னு அந்த சார் படிச்சிப் படிச்சிச் சொன்னாரு. நீ பல்ல இளிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்த."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக் கூடாதா?"

"சொன்னா? அதுக்கும் ஒரு நக்கல் அடிப்ப!"

அன்று எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். அவள்மேல், அதிகாரிமேல், பொட்டலத்தில் விவரம் போடாத கம்பெனிக்காரன்மேல். விவரம் போட்டிருந்தது, தமிழிலேயே. படித்ததும் கோபம் இன்னும் ஏறியது. இதை எழுதும்போதும் ஏறுகிறது. திட்டு வாங்குகிற ஆள்தான் மாறிவிட்டான்.

மிச்சத் தூளைச் சாணிக் கரைசலில் கலக்கி, நாற்றின் வேரை அதில் முக்கி நட்டாள். நான்கு வரிசைக்குத்தான் வந்தது. மற்றதெல்லாம் வெறும் நாற்று. எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்தான் பாய்ச்சினோம். சித்திரையில் அந்த நான்கு வரிசை பெரும்பாலும் நின்று காய்த்தது. மீதி கருகியது. ஆடியில் கொல்லையைக் குத்தகைக்கு விட்டோம்.