பஞ்சு மெத்தைக் கடையில் அப்பா

ஏர் ஹார்ன் அடித்தால் பல் கூசுகிறது என்பார் அப்பா. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவர், கல்யாணங்களுக்குப் போனால் மேளச் சத்தத்துக்கு அஞ்சி மண்டபத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்புவார் என்பதால், உறவினர்கள் அவருக்கு ‘பயந்தாங்கொள்ளி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நான் நாலாவது படித்தபோது, கீழ்பென்னாத்தூரில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு நானும் அப்பாவும் திருவண்ணாமலைக்குத் திரும்பிய நாள் பௌர்ணமி என்பதை அவர் எப்படியோ மறந்திருந்தார். ஊர் எல்லையிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டதால், கிரிவலக் கூட்டத்துக்குள், ஒலிபெருக்கி அறிவிப்புகளுக்கும் விசில்களுக்கும் கற்பூரப் புகைக்கும் நடுவே என் கையைப் பிடித்தபடி நடந்தவர், திடீரென்று கையை விட்டுவிட்டுச் சாலையோரத்தில் உட்கார்ந்து இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். கையைப் பிடித்து இழுத்தும் எழுந்திருக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் அவர் குடித்திருப்பதாக முடிவுகட்டினார்கள். போலீஸைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர்.

“அப்பா குடிக்கல. சத்தம் ஜாஸ்தியா இருக்குது, அதான்,” என்றேன்.

எதிரே பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்த பாய் மட்டும் அதை நம்பினார். “உள்ள இட்டுனு வாம்மா,” என்றார்.

கூரைவரை மெத்தைகள் அடுக்கியிருந்த அந்தக் கடைக்குள் போனதும் வெளிச்சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பாய் எதுவும் கேட்காமல் டியூப் லைட்டை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு கடைத்தெருவுக்கு வரும்போதெல்லாம் அங்கே சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் சாமான் வாங்கப் போவார். சும்மா உட்காரக் கூச்சப்பட்டு அவர் வாங்கிய தலையணைகள் வீட்டில் பெருகியதைக் கண்டு அம்மா சலித்துக்கொள்வார்.

பாயும் இல்லை, கடையும் இல்லை; அந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை, வாசலில் ஆளுயர ஸ்பீக்கர். என் அலுவலகத்தின் வெள்ளை விளக்குகளும் ஓயாத பேச்சும் தாங்காமல் வேலையை விட்டுவிடலாமா என்ற நிலையில், போன வருடம் மருத்துவரிடம் போனேன். எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆட்டிசம் இருப்பதாக அவர் சொன்னதையும், அது என்ன என்பதையும் அப்பாவிடம் விளக்கினேன்.

“அப்போ எனக்கும் அதானா?” என்று கேட்டார்.

மருத்துவர் பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது என்றேன்.

“எங்க அம்மா சாவற வரைக்கும், நான் வேணும்னே பண்றேன்னு நெனச்சினு இருந்துச்சு,” என்றார்.